கூண்டு வண்டி

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். "கதையும் கவிதையும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நீ விஞ்ஞான மாணவி. ஏதாவது ஒரு யந்திரத்தைப் பற்றி எழுதிக் கொடு, படிக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும்" என்றார். எந்த யந்திரம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் விலையுயர்ந்த கருவிகள் பல உண்டு. அவற்றைப் பற்றி எழுதினால் என் பேராசிரியர் மகிழ்வார். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே தெருவில் நிற்கும் ஒரு யந்திரத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

அதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு லாரி. அதன் முதுகில் மடித்து வைத்த நீண்ட இரும்புக் கை. கையின் நுனியில் ஓர் ஆளோ இரண்டு ஆட்களோ நிற்கும் அளவுக்கு ஒரு தொட்டி. கை நிமிர்ந்தால் தொட்டியில் நிற்பவர் விளக்குக் கம்பத்தின் உச்சிக்குப் போய்விடுவார். ஆங்கிலேயர் இதை வாளி என்றார்கள். செர்ரி பறிப்பான் என்றும் செல்லமாக அழைத்தார்கள். நம் நகராட்சிக்காரர்கள் ஸ்கை லிப்ட் என்கிறார்கள். என் தந்தையார் 'கூண்டு வண்டி' என்பார். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கலைச்சொல் அகராதி எதையும் கண்டவர் அல்லர். ஆயினும் அவர் வைத்த பெயரே எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தில்லியில் ஆகஸ்டு 15 என்றால் கொடியேற்றத்தோடு பட்டம் விடும் திருநாளும் சேர்ந்துகொள்ளும். மாடிக்கு மாடி சிறுவர்கள் நிற்பார்கள். மறுநாள் பார்த்தால் மரங்களெல்லாம் நூல் சுற்றிக்கொண்டு நிற்கும். நைலான் மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் தடை செய்தது. தடை ஏட்டில் இருக்கிறது. நூல் மரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட நூல் ஒன்றில் இறக்கை மாட்டிக்கொண்டு, நம் நூலகத்துக்கு எதிரே உள்ள அரசமரத்தில் ஒரு பருந்து தலைகீழாகத் தொங்கியது. நாற்பது அடி உயரம் இருக்கும். கீழே மாணவர் கூட்டம். யாரோ தொலைபேசியில் பேசினார்கள். ஒரு மணி நேரத்தில் தெருவிளக்குப் பழுது பார்க்கும் கூண்டு வண்டி ஒன்று வந்து சேர்ந்தது.

வந்ததும் கையை உயர்த்திவிடவில்லை. முதலில் வண்டியின் இருபுறமும் நான்கு இரும்புக் கால்கள் வெளியே நீண்டன. மழையில் நனைந்த மண் ஆகையால், ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனத்த பலகை ஒன்றை வைத்தார் ஓட்டுநர். பீகார்க்காரர், ஐம்பது வயது இருக்கும். கால்கள் ஊன்றி, டயர்கள் மண்ணைவிட்டுச் சற்றே எழும்பின பிறகுதான் மற்றொருவர் கூண்டில் ஏறினார். உடம்பைச் சுற்றி பெல்ட் பூட்டி, அதன் கயிற்றைக் கூண்டருகே அதற்கென்றே இருந்த வளையத்தில் மாட்டினார். கை எழுந்தது. பதினைந்து நிமிடத்தில் பருந்து ஒரு சாக்குத் துணிக்குள் பத்திரமாகக் கீழே வந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் கைதட்டத் தோன்றவில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் செயலாளர் கேட்ட விஞ்ஞானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த பாஸ்கல் என்ற அறிஞரின் விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் பரவும் என்பதே அது. வண்டியில் உள்ள பம்பு எண்ணெயை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாகப் போய், கையின் மூட்டில் உள்ள உருளையின் தண்டைத் தள்ளுகிறது. முழங்கை நிமிர்வது போல இரும்புக் கை நிமிர்கிறது. கை எப்படிச் சாய்ந்தாலும் கூண்டின் தளம் மட்டம் மாறாதபடி தனியே ஓர் ஏற்பாடு உண்டு.

கால்கள் எதற்கு என்பதற்கு ஒரு சிறு கணக்கு. கூண்டில் இரண்டு ஆட்கள், கருவிகள், எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கை பக்கவாட்டில் 10 மீட்டர் நீண்டால், அது வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் ஆற்றல், ஒரு மீட்டர் தூரத்தில் 2,000 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். கையின் சொந்த எடை இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவேதான் கால்களை அகல ஊன்ற வேண்டும். கால் ஒன்று மண்ணில் நான்கு விரற்கடை இறங்கினால், கையின் நுனியில் அது பல மடங்கு ஆட்டமாகிவிடும். கூண்டில் நிற்பவரைக் கவணிலிருந்து பறக்கும் கல்லைப்போல வெளியே எறிந்துவிடும். இடுப்பளவு உயரமுள்ள கூண்டுக்குள் நிற்பவருக்கு பெல்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

மின்கம்பி வேலைக்கென்றே செய்யும் வண்டிகளில் கையின் ஒரு பகுதி இரும்பாக இராது. கண்ணாடியிழையால் ஆனதாக இருக்கும். கூண்டில் நிற்பவர் 11,000 வோல்ட் கம்பியைத் தொட நேர்ந்தாலும், மின்சாரம் கை வழியே நிலத்துக்கு இறங்க வழி இல்லை. கம்பியில் உட்கார்ந்த காகம் சாகாமல் இருப்பதும் இதனால்தான். ஆனால் அதே காகம் ஒரே சமயத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டால் கருகிவிடும். கண்ணாடியிழைக் கை அந்த ஆபத்திலிருந்து மனிதனையும் காப்பாற்றாது. தெருவிளக்குக்கு வரும் சாதாரண இரும்புக் கை வண்டியோ மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே போகவே கூடாது. யந்திரம் எவ்வளவு செய்யும் என்பதோடு, எவ்வளவு செய்யாது என்பதையும் தெரிந்துகொள்வதே விஞ்ஞானம் என்று நினைக்கிறேன்.

இந்த வண்டி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில், கலிபோர்னியாவில், ஜே ஐட்டல் என்பவர் ஒரு நாள் முழுவதும் ஏணியில் ஏறி இறங்கிச் செர்ரிப் பழம் பறித்து அலுத்துப் போனார். ஏணியை நகர்த்துவதிலேயே பாதிப் பொழுது போயிற்று. அந்த அலுப்பில் 1944-இல் அவர் கண்டுபிடித்ததுதான் தொட்டி வைத்த இந்த இரும்புக் கை. 1953-இல் அவரே ஒரு நிறுவனம் தொடங்கினார். பழம் பறிக்கப் பிறந்த யந்திரம் தொலைபேசிக் கம்பிக்கும் மின்கம்பிக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு நம் ஔவையார்தான் நினைவுக்கு வந்தார். அவரிடம் ஒரு கூண்டு வண்டி இருந்திருந்தால், நாவல் மரத்தின்மேல் இருந்த முருகனிடம் பழம் கேட்க நேர்ந்திருக்காது. சுட்ட பழம் சுடாத பழம் என்ற கதையும் நமக்குக் கிடைத்திருக்காது! புது தில்லியின் அகன்ற சாலைகளில் இன்றும் நாவல் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மழைக்காலத் தொடக்கத்தில் மரத்தின்மேல் ஒருவர் ஏறிக் கிளையை உலுக்க, கீழே நான்கு பேர் துணியை விரித்துப் பிடிப்பதைக் காணலாம். 1944-க்குப் பிறகும் பழம் பறிப்பவர் மரத்தில்தான் இருக்கிறார்.

அந்த வண்டி இன்று செய்யாத வேலை இல்லை. புயலுக்குப் பின் ஒடிந்த கிளைகளை வெட்டுகிறது. சந்திப்புகளில் சைகை விளக்குகளை மாட்டுகிறது. உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடியைத் துடைக்கவும், சுவருக்கு வண்ணம் பூசவும், விளம்பரப் பலகை கட்டவும் போகிறது. சினிமாவில் இரவுக் காட்சி எடுக்கும்போது பெரிய விளக்கை உயரத்தில் ஏற்றி நிலவொளி காட்டுகிறது. பாலங்களைச் சோதிப்பதற்கென்று ஒருவகை உண்டு. அதன் கை மேலே போகாமல், பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வளைந்து, பாலத்தின் அடிவயிற்றுக்குப் போகும். பனிபெய்யும் நாடுகளின் விமான நிலையங்களில், விமானம் புறப்படும் முன் இறக்கையில் படிந்த பனியைச் சூடான மருந்து நீர் தெளித்துக் கரைப்பவர் நிற்பதும் இத்தகைய கூண்டில்தான். தீயணைப்புப் படையினருக்காகப் பின்லாந்து நாட்டில் செய்யும் வண்டி ஒன்று 112 மீட்டர் உயரம் எட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல்.

நம் ரயில்வேயிலும் இதற்கு ஓர் உறவினர் உண்டு. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாயில் முதல் மின்சார ரயில் ஓடிற்று. மின்சார ரயில் ஓட வேண்டுமானால் மேலே ஓடும் கம்பியைப் பராமரிக்க வேண்டும். இன்று பெரும்பாலான பாதைகளில் அதில் 25,000 வோல்ட். அந்தக் கம்பியைப் பழுது பார்க்கத் தண்டவாளத்திலேயே ஓடிவரும் டவர் வேகனில் உயரும் மேடை இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை நிலத்தோடு இணைத்த பிறகே அதன்மேல் ஏறுவார்கள்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது ஒரு செய்தி. 1961 மே 5-ஆம் நாள் ஆலன் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கர் விண்வெளிக்குப் புறப்பட்டார். ராக்கெட்டின் உச்சியில் அவர் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஒரு கூண்டு வண்டி கையை உயர்த்தி நின்றது. புறப்படும் முன் ஆபத்து நேர்ந்தால் அவரை இறக்குவதற்காக! கடைசி நேரத்தில் அது விலக்கப்பட்டது. ராக்கெட் நலமாகப் போயிற்று. ஒரு மனிதனை வானுக்கு அனுப்பியவர்கள், அவன் இறங்குவதற்கும் வழி வைத்துவிட்டே அனுப்பினார்கள்.

இனி நான் கைதட்டாததன் காரணம்.

எங்கள் ஊர் சேலம் பக்கத்து ஆத்தூர். 2010-இல், எனக்கு எட்டு வயதானபோது, தந்தையார் பிழைப்புத் தேடி எங்களைத் தில்லிக்கு அழைத்துவந்தார். அவர் வயர்மேன். தெருவிளக்கும் கல்யாணப் பந்தல் விளக்கும் போடும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கூண்டு வண்டி இல்லை. சக்கரம் வைத்த உயரமான ஏணி ஒன்று இருந்தது. அதைக் கீழே பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். 2016 நவம்பரில் ஒரு மாலை, பிடிக்க ஒருவர்தான் இருந்தார். பக்கத்தில் போன மோட்டார் சைக்கிள் ஏணியை உரசிற்று. இருபது அடி உயரத்திலிருந்து அப்பா விழுந்தார். இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன. மூன்று மாதம் படுக்கை. ஒப்பந்தக்காரர் ஒரு முறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. "வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசில் நாலு ஆளை ஏற்றலாமே" என்று அவர் முன்பு சொல்வதுண்டாம். ஆள் விழுந்தால் ஆகும் செலவு அவருடைய கணக்கில் சேரவில்லை. அது எங்கள் வீட்டுக் கணக்கில் சேர்ந்தது. அம்மாவின் இரண்டு வளையல்களும் அதில் அடங்கும்.

இப்போது அப்பா ஒரு சந்தில் சிறு கடை வைத்து மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் பழுது பார்க்கிறார். கல்லூரியில் சேர்ந்த நாளில் தோழிகள் கேட்டபோது, "அப்பா எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார்" என்றேன். பொய் இல்லை. ஆனால் ஏணியைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. இந்த மலரில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

பருந்து இறங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். திருப்புளியைக் கீழே வைத்தார்.

"பருந்துக்கா வண்டி வந்துச்சு?"

"ஆமாம்பா."

சிறிது நேரம் பேசவில்லை. ஏன் சொன்னோம் என்று எனக்கு ஆகிவிட்டது. பிறகு அவரே, "வரட்டும் கண்ணு. அதுவும் உசுருதானே" என்றார். அதற்குமேல் கேள்விகள் தொடங்கின. காலை ஊன்றினார்களா? பலகை போட்டார்களா? மேலே போனவர் பெல்ட்டை எதில் மாட்டினார்? மேலே இருப்பவருக்கு மயக்கம் வந்தால் கீழிருந்தே இறக்கலாமே, அந்த லீவர் பக்கத்தில் ஆள் நின்றாரா? நான் ஒவ்வொன்றாக விடை சொன்னேன். எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில்கூட இவ்வளவு நல்ல கேள்விகளை நான் சந்தித்ததில்லை. கடைசியில், "முறையாத்தான் செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டார்.

நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா வருகிறது. சென்ற பொங்கலின்போது நம் சங்கத்துத் தம்பி ஒருவர், மேஜைமேல் நாற்காலி போட்டு, அதன்மேல் ஏறிநின்று, அரங்க வாசலில் பதாகை கட்டினார். நாம் சிரித்தோம், படமும் எடுத்தோம். மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. ஏணியைப் பற்றித் தெரிந்தவள் வாய்மூடி நின்றேன் என்பதே எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. இந்த ஆண்டு பணம் இருந்தால் அரை நாளுக்கு ஒரு கூண்டு வண்டியை ஆளோடு வாடகைக்கு அமர்த்துவோம். பணம் இல்லையா? விளக்குச் சரத்தைத் தரையிலேயே கட்டி முடித்துக் கப்பியும் கயிறும் கொண்டு மேலே இழுப்போம். பதாகையை முதல் மாடி ஜன்னல்களிலிருந்து இறக்குவோம். இரண்டும் முடியாவிட்டால் கண்மட்டத்துக்கு மேல் எதையும் கட்ட வேண்டாம். பொங்கல் பொங்கத்தான் செய்யும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். தீபாவளிக்கு முந்திய வாரம், பழுது பார்த்த என் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பா விடுதிக்கு வந்தார். வாசல் சாலையில் அதே கூண்டு வண்டி நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அப்பா நேரே அதனிடம் போனார். குனிந்து, காலுக்கு அடியில் இருந்த பலகையைத் தொட்டுப் பார்த்தார். பீகார்க்கார ஓட்டுநரும் அவரும் பேசத் தொடங்கினார்கள். அப்பாவின் இந்தியில் பாதி ஆத்தூர்த் தமிழ். ஆனாலும் வேலைக்காரர் இருவருக்கும் பாஷை தடையாக இல்லை. எனக்கு ஓர் ஆசை வந்தது. "ஐயா, என் தந்தையாரை ஒரு முறை மேலே ஏற்றிக் காட்டுவீர்களா?" என்று கேட்டேன். ஓட்டுநர் தலையை அசைத்தார். "இல்லை மகளே. பயிற்சி இல்லாதவரை ஏற்றக் கூடாது. பெல்ட்டும் மேலே இருப்பவரிடம்தான் இருக்கிறது" என்றார். எனக்கு ஏமாற்றம். அப்பாவின் முகமோ மலர்ந்துவிட்டது. "நல்ல ஆளு கண்ணு இவரு. கேட்ட உடனே ஏத்தலை பாரு" என்றார்.

அப்போது என் வகுப்புத் தோழிகள் இருவர் அந்த வழியே வந்தார்கள். "இவர் என் தந்தையார். தெருவிளக்குப் போடும் வயர்மேனாக இருந்தவர்" என்று அறிமுகம் செய்தேன். அவர்கள் வணக்கம் சொன்னார்கள். அப்பா என்னை ஒரு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தோழிகள் போன பிறகு, "வாங்கப்பா, டீ குடிக்கலாம்" என்று அழைத்தேன். அவர் நகரவில்லை. கழுத்தை நிமிர்த்தி, கம்பத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரு கண்ணு. அந்தத் தம்பி இறங்கட்டும்" என்றார்.

விளக்கு எரிந்தது. கை மடிந்தது. கூண்டு மெதுவாகக் கீழே வந்து, அந்த இளைஞர் பெல்ட்டைக் கழற்றித் தரையில் கால் வைக்கும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.